கரகரக்கும் ஸ்பீக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழா, கலியாண மண்டபம், சாமத்திய வீடு, வீட்டு ஹோம் தியேட்டர் என்று யாழ்ப்பாணத்தில் எங்கே ஸ்பீக்கர் வைத்தாலும் வருகிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே வாசிப்பது நல்லது.

டிஸ்டோர்ஷன் எண்டால் என்ன அண்ணை? சத்தம் நல்லா இல்லாட்டி எல்லாம் டிஸ்டோர்ஷன்தானே?

இல்லை. கொடுத்த சிக்னலில் இல்லாத மீடிறன்கள் (ஃப்ரீக்குவென்சி; செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்று ஹேர்ட்ஸில் சொல்வது) வெளியே வருகிற சத்தத்தில் புதிதாக முளைத்தால்தான் இங்கே நாம் பேசுகிற டிஸ்டோர்ஷன். 100 ஹேர்ட்ஸ் மட்டும் கொடுக்கிறீர்கள். வெளியே 100 உடன் 200, 300, 400 எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த ஒட்டுண்ணிகளுக்குத்தான் ஹார்மொனிக் டிஸ்டோர்ஷன் என்று பெயர்.

பேஸ் கூடிப் போச்சு, குரல் மூக்கால் வருகிறது, சத்தம் காதைக் குத்துகிறது என்பவை பெரும்பாலும் இருக்கிற மீடிறன்களின் அளவு ஏறி இறங்கியதால் வருபவை. ஈக்யூவில் (மீடிறன்களைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் பட்டன்கள்) சரிக்கட்டலாம். "ஸ்ஸ்" என்ற இரைச்சல் நொய்ஸ். "ம்ம்ம்" என்ற முனகல் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். இவற்றையெல்லாம் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டு வந்தால் திருத்துகிறவர் எதைத் திருத்துவது?

பாட்டிலயே ஹார்மொனிக் இருக்குத்தானே. ஸ்பீக்கரும் கொஞ்சம் சேர்த்தால் என்ன குடி முழுகிப் போகுது?

நியாயமான கேள்வி. அடிப்படைச் சுரத்தை ச என்று வையுங்கள். இரண்டாம் ஹார்மொனிக் மேல் ஸ்தாயி ச. மூன்றாவது அதற்கு மேலுள்ள ப. நான்காவது மறுபடியும் ச, ஐந்தாவது அந்தர காந்தாரம். எல்லாம் பாட்டோடு ஒத்துப் போகிறவை. கொஞ்சம் கூடினால் "சத்தம் தடிப்பா இருக்கு" என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். ஏழாவது, கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே எந்தச் சுரத்தானத்திலும் ஒழுங்காக உட்காராமல் விழும். பதினொன்று, பதின்மூன்று என்று ஏறினால் கரகரப்புத்தான்.

ஆனால் இந்தக் கணக்கு ஒற்றைச் சுரத்துக்கு மட்டும். இரண்டு சத்தம் ஒன்றாக வந்தால் கதை வேறு.

தவில் அடிக்கேக்க பாடுறவரின்ர குரல் நடுங்குது. அது என்ன கோதாரி?

அதுதான் அந்த வேறு கதை: இன்டர்மொடுலேஷன். ஒரே கோன் (ஸ்பீக்கரில் அசைந்து சத்தம் தரும் கூம்பு) தவிலின் தொப்பிப் பக்கத்து அடியையும் தர வேண்டும், குரலையும் தர வேண்டும். அடி விழும்போது கோன் பெரிதாக முன்னும் பின்னும் போகிறது. அந்த இரண்டு முனையிலும் காந்தத்தின் பிடி குறைகிறது. அந்தக் கணத்தில் குரலின் அளவும் சேர்ந்து குறைந்து கூடுகிறது.

அளவீட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 60 ஹேர்ட்ஸும் 7000 ஹேர்ட்ஸும் சேர்த்துக் கொடுத்தால் 7000 இன் இரு பக்கமும் 6940, 7060 என்று புதிய கோடுகள் எழும்பும். 60 உம் 7000 உம் 4:1 என்ற அளவில் கொடுப்பது அம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் அம்ப்ளிஃபையர்) சோதனையில் பழைய வழக்கம். இந்தக் கோடுகள் எந்தச் சுரத்துக்கும் சொந்தமில்லாதவை. ஆகவே இதே அளவு இரண்டாம் ஹார்மொனிக்கை விட மோசமாகக் கேட்கும். மருந்து, பேஸைத் தனி சப்வூஃபருக்குப் பிரித்துக் கொடுத்து, குரல் வருகிற பெட்டிக்கு லோ கட் (தாழ்ந்த மீடிறன்களை வெட்டும் வடிகட்டி) போடுவது.

பெட்டியில டி.எச்.டி 0.1 சதவீதம் எண்டு போட்டிருக்கு. அப்ப திறம்தானே?

அது அனேகமாக அம்ப்பின் எண், ஸ்பீக்கரின் எண் இல்லை. டி.எச்.டி (டோட்டல் ஹார்மொனிக் டிஸ்டோர்ஷன்) என்பது எல்லா ஹார்மொனிக்கையும் கூட்டி அடிப்படைத் தொனியோடு ஒப்பிட்ட விகிதம். 10 சதவீதம் என்றால் 20 டெசிபெல் (சத்த அளவுகளை ஒப்பிடும் அலகு) கீழே, 1 சதவீதம் 40 கீழே, 0.1 சதவீதம் 60 கீழே. நல்ல அம்ப் எதுவும் சிரமமில்லாமல் 0.1 க்குக் கீழே நிற்கும். அதே அம்ப்பில் கொளுவிய ஸ்பீக்கர் பேஸில் பல சதவீதம் போடும். சங்கிலியில் பலவீனமான கண்ணி பெரும்பாலும் ஸ்பீக்கர்தான்.

எண்ணைப் பார்த்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த மீடிறனில், எத்தனை வாற்றில், எந்த ஹார்மொனிக். 1 கிலோஹேர்ட்ஸில் 1 வாற்றில் எடுத்த 0.1 ஐ வைத்து 50 ஹேர்ட்ஸில் 100 வாற்றில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொரு தந்திரம், மலிவு செட்டுகளின் வாற் அளவை 10 சதவீத டி.எச்.டியில் எடுப்பது. அம்ப் ஏற்கெனவே கிளிப் ஆகி அலையின் தலை வெட்டுப்பட்ட நிலை அது. 1 சதவீதத்தில் எடுத்ததை விட ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக வாற் காட்டும். பெட்டியில் எழுத நல்ல எண், வேறொன்றுக்கும் உதவாது.

சரி, அப்ப எத்தனை சதவீதம் போனால் காதுக்குத் தெரியும்?

ஒரே எண்ணாகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். காதுக்கு மறைத்தல் என்ற குணம் இருக்கிறது. ஒரு பலமான தொனி, தனக்குப் பக்கத்திலும் சற்று மேலேயும் உள்ள மெல்லிய சத்தங்களை விழுங்கிவிடும். இரண்டாம், மூன்றாம் ஹார்மொனிக் அடிப்படைக்குக் கிட்ட இருப்பதால் மறைந்துபோகும். ஒன்பதாவது தூரத்தில் நிற்பதால் மாட்டிக்கொள்ளும். பேஸில் சில சதவீதம் இரண்டாம் ஹார்மொனிக் இருந்தும் ஒருவரும் கண்டுபிடிக்காமல் போவது சாதாரணம். குரலின் நடுப்பகுதியில் கூர்மையான கிளிப்பிங் அதில் சிறு பங்கு இருந்தாலே பிடிபடும்.

இதைப் பழைய ஆட்களே கவனித்துவிட்டார்கள். பிபிசியில் வேலை செய்த ஷோர்ட்டர் 1950 இல், ஒவ்வொரு ஹார்மொனிக்கையும் அதன் வரிசை எண்ணின் வர்க்கத்தை நான்கால் பிரித்து வருகிற எண்ணால் பெருக்கிப் பிறகு கூட்டச் சொன்னார். அப்படிப் பார்த்தால் இரண்டாவதுக்கு எடை 1, நான்காவதுக்கு 4, எட்டாவதுக்கு 16. 2003 இல் ஏர்ல் கெடஸும் லிடியா லீயும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டிச் சோதித்தபோது, வெறும் டி.எச்.டி எண்ணுக்கும் கேட்டவர்கள் கொடுத்த மதிப்புக்கும் உருப்படியான தொடர்பே கிடைக்கவில்லை. எனக்கும் டி.எச்.டி மொத்த எண்ணில் பெரிய மரியாதை இல்லை. ஹார்மொனிக்குகளைத் தனித்தனியாகக் காட்டும் வரைபடம் இருந்தால்தான் பேசலாம்.

வொலியூமைக் கூட்டினால் மட்டும் கரகரக்குது. அம்ப்பில பிழையா ஸ்பீக்கரில பிழையா?

முதலில் இரண்டுக்கும் முன்னால் பாருங்கள். மிக்ஸரில் கெய்ன் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏறி, சிவப்பு பீக் லைட் எரிந்தபடி இருந்தால் அங்கேயே சிக்னல் வெட்டுப்பட்டுவிட்டது. பிறகு மாஸ்டரைக் குறைத்தாலும் கரகரப்பு மெல்லிய கரகரப்பாகத்தான் வரும். என்னிடம் வருகிற முறைப்பாடுகளில் பெரும்பங்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

அது சரியென்றால் பேஸை மட்டும் நன்றாகக் குறைத்து, அதே சத்தத்தில் கேளுங்கள். கரகரப்பு மறைந்தால் கோனின் அசைவோ அம்ப்பின் கிளிப்பிங்கோ காரணம். இந்த இரண்டையும் பிரிக்க அதே அம்ப்பில் வேறு ஸ்பீக்கர் போட்டுப் பாருங்கள். கரகரப்பு ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கர், அம்ப்போடு நின்றால் அம்ப்.

சத்தத்தோடு அது எப்படிக் கூடுகிறது என்பதும் துப்புத் தரும். எல்லைக்குள் வேலை செய்யும் ஸ்பீக்கரில் 10 டெசிபெல் கூட்டினால் இரண்டாம் ஹார்மொனிக்கின் விகிதம் ஏறக்குறைய 10 டெசிபெல்லும், மூன்றாவதன் விகிதம் 20 டெசிபெல்லும் மெல்ல மெல்ல ஏறும். கிளிப்பிங் அப்படி வராது. ஒன்றுமில்லாமல் இருந்து, ஒரு புள்ளியில் சட்டென்று எல்லா ஹார்மொனிக்கும் சேர்ந்து எழும். குறைந்த சத்தத்திலும் கரகரத்தால் இரண்டும் இல்லை. கொயில் (கோனைத் தள்ளும் கம்பிச் சுருள்) உரசுகிறது, அல்லது கோன் கிழிந்திருக்கிறது.

சின்ன அம்ப் போட்டால் ஸ்பீக்கர் எரியும் எண்டு சொல்லினம். உண்மையா?

பாதி உண்மை. அம்ப் சின்னது என்பதால் எரிவதில்லை, அதைக் கசக்கிப் பிழிவதால் எரிகிறது. முழுக்க வெட்டுப்பட்ட சைன் அலை (ஒற்றை மீடிறனின் வழுவழுப்பான அலை) சதுர அலையாகும். அதே உச்ச வோல்ற்றில் சதுர அலையின் சக்தி சைனைப் போல இரண்டு மடங்கு. 50 வாற் அம்ப் 100 வாற் தள்ளலாம். அதோடு பாட்டின் மெல்லிய பகுதிகளும் மேலே ஏறி ட்வீற்றருக்கு (உயர்ந்த மீடிறன்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) ஓய்வே கிடைக்காது. சாமத்திய வீட்டில் இரவு பத்து மணிக்குப் பிறகு ட்வீற்றர் போவது இப்படித்தான்.

ஸ்பீக்கருக்குள்ள உண்மையில எது பிழைக்குது?

மூன்று இடம் முக்கியம். கொயில் காந்த இடைவெளியை விட்டு வெளியே போகும்போது தள்ளும் விசை குறைவது. கோனைத் தாங்குகிற ஸ்பைடரும் சரவுண்டும் ஓரத்தில் இறுகுவது. கொயிலின் தூண்டல் திறன் (மாறுகிற மின்னோட்டத்தை எதிர்க்கும் குணம்) அதன் இருப்பிடத்தோடு மாறுவது. முதல் இரண்டும் பேஸில் அடிக்கும், மூன்றாவது நடுப்பகுதி வரை வரும். ஜேர்மனியில் டிரெஸ்டனைச் சேர்ந்த வொல்ஃப்காங் கிளிப்பல் இவற்றை லேசர் வைத்து அளக்கும் முறையை உருவாக்கினார். இன்று ஸ்பீக்கர் செய்கிற பெரிய தொழிற்சாலைகளில் அதுதான் வழக்கம்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். ஒரே சத்தத்துக்கு மீடிறன் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹேர்ட்ஸில் 1 மில்லிமீற்றர் என்றால் 40 இல் 4 மில்லிமீற்றர். ஆறு அங்குலப் பெட்டியில் பேஸ் பட்டனை முழுக்கத் திருப்புகிற தம்பிமாருக்கு இதை எழுதி ஒட்டிக் கொடுக்கலாம்.

கோயில் குழாய் ஸ்பீக்கரில நாதஸ்வரம் ஏன் இப்பிடிக் கீச்சிடுது? வாசிக்கிறவர் திறமான ஆள்.

இணுவில், அளவெட்டிப் பக்கத்து வித்துவான்கள் நேரில் வாசித்துக் கேட்டவருக்கு அதே வாசிப்பைக் குழாயில் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். இதில் மூன்று நான்கு விஷயம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. நாதஸ்வரம் பெரும் சத்தம். அதன் அணசுக்கு (கீழே அகன்ற முனை) நேரே மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்தால் மைக் தாங்கும், மிக்ஸரின் முதல் கட்டம் தாங்காது. பேட் பட்டன் (வருகிற சிக்னலைக் குறைப்பது) இருந்தால் அமத்துங்கள். இல்லாவிட்டால் மைக்கை ஒரு மீற்றருக்குத் தள்ளி, வித்துவானை உரத்து ஒரு பிடி வாசிக்கச் சொல்லி, அந்தச் சத்தத்தில் பீக் லைட் எரியாதபடி கெய்னை வையுங்கள். மெல்ல வாசிக்கும்போது வைத்த கெய்ன் பூசை நேரத்தில் காலை வாரும்.

அடுத்தது குழாயே. அதன் ஒடுங்கிய தொண்டையில் காற்றழுத்தம் மிக அதிகம். காற்று அமுங்குவதும் விரிவதும் அந்த அளவில் ஒரே மாதிரி இல்லை, ஆகவே காற்றிலேயே இரண்டாம் ஹார்மொனிக் பிறக்கிறது. எந்த விலை டிரைவர் (குழாயின் பின்னால் சத்தம் எழுப்பும் பகுதி) போட்டாலும் இது போகாது. சத்தத்தைக் குறைத்து, குழாய்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி.

மூன்றாவது, நீண்ட வயரில் பல குழாய்களை ஓட்டப் பயன்படும் 100 வோல்ற் லைன் டிரான்ஸ்ஃபோமர். மீடிறன் குறையக் குறைய அதன் இரும்புக்குள் காந்தப்பாயம் கூடும். ஓரளவுக்கு மேல் இரும்பு நிறைந்து அலை சிதையும். சுமாராக 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே குழாய் எப்படியும் சத்தம் தராது, டிரைவருக்குள் அதிரும் டயபிரம்தான் வீணாக உதறும். லோ கட்டை அங்கே போட்டுவிட்டால் டிரான்ஸ்ஃபோமரும் தப்பும், டயபிரமும் தப்பும், கேட்கிறவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

வீதி நீளத்துக்குக் குழாய் கட்டினால் சொல் இரட்டிப்பது டிஸ்டோர்ஷன் இல்லை. நம் வெயிலில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். 100 மீற்றர் தள்ளியிருக்கும் குழாய் 0.29 செக்கன் பிந்திக் கேட்கும். அதற்கு மருந்து, கிட்டவுள்ள குழாயின் சத்தத்தை அந்த அளவுக்குப் பிந்தவைக்கும் டிலே.

போன் அப்பால அளக்கலாமோ?

எந்த மீடிறன் தூக்கி நிற்கிறது என்று ஒரு பார்வை பார்க்கலாம். டிஸ்டோர்ஷன் அளக்க வேண்டாம். போன் தானாகக் கெய்னை ஏற்றி இறக்கும், பேஸை வெட்டும், உரத்த சத்தத்தில் தானே கிளிப் ஆகும். நீங்கள் அளப்பது போனைத்தான்.

அப்ப ஒழுங்கா அளக்க என்னென்ன வேணும்? கனக்கச் செலவாகுமோ?

ஒரு லப்டொப், யூமிக்-1 போன்ற யூ.எஸ்.பி அளவீட்டு மைக், ஜோன் மல்காஹி எழுதி இலவசமாகக் கொடுக்கிற ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள். இவ்வளவு போதும். அது 20 ஹேர்ட்ஸிலிருந்து மேலே வழுக்கிப் போகும் ஒரு தொனியைப் போட்டு, ஒரே தடவையில் ரெஸ்பொன்ஸையும் (எந்த மீடிறன் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது) ஒவ்வொரு ஹார்மொனிக்கையும் பிரித்துத் தரும். அப்படிப் பிரிக்கும் வழியை 2000 ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த ஒலிப் பொறியியலாளர் மாநாட்டில் இத்தாலியரான ஆஞ்சலோ ஃபரினா முன்வைத்தார். அதற்கு முன் பெரும்பாலும் ஒவ்வொரு மீடிறனாக உட்கார்ந்து அளக்க வேண்டியிருந்தது.

மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் சுமார் 30 சென்டிமீற்றரில் நிறுத்துங்கள். அறையின் பங்கு குறையும். மின்விசிறியை நிற்பாட்டுங்கள். மெல்லிய சத்தத்தில் ஒரு தடவை, பிறகு 5, 6 டெசிபெல் கூட்டிக் கூட்டி மூன்று நான்கு தடவை எடுங்கள். ஒற்றை அளவீட்டால் பயனில்லை. சத்தத்தோடு ஹார்மொனிக் எப்படி ஏறுகிறது என்பதுதான் முன்னே சொன்னபடி எதில் பிழை என்று காட்டும். உரத்த சத்தத்தில் அடிக்கடி ஓட்டி ட்வீற்றரைச் சுட்டுவிடாதீர்கள்.

அம்ப்பைத் தனியாக அளக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் வயரை நேரே சவுண்ட் கார்டில் செருகினால் கார்ட் போய்விடும். நடுவில் தடைகளால் வோல்ற்றைக் குறைக்க வேண்டும். பிரிட்ஜ் முறையில் வேலை செய்யும் அம்ப்களில் இரண்டு முனையும் உயிருள்ளவை. ஒன்றை எர்த்தில் தொட்டால் அம்ப்பும் போகும்.

அளந்தன். 50 ஹேர்ட்ஸில 20 சதவீதம் காட்டுது. ஸ்பீக்கரை எறியிறதோ?

பொறுங்கள். அறையில் தள்ளி நின்று அளந்திருந்தால் எண் பொய் சொல்லலாம். மைக் நின்ற இடத்தில் 50 ஹேர்ட்ஸ் அறையின் பள்ளத்தில் (சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தால் அடிபட்டுப்போகும் இடம்) விழுந்து 20 டெசிபெல் குறைந்து, 100 ஹேர்ட்ஸ் மேட்டில் ஏறி 6 டெசிபெல் கூடியிருந்தால், உண்மையில் 1 சதவீதமாக இருந்த இரண்டாம் ஹார்மொனிக் 20 சதவீதமாகத் தெரியும். மைக்கைக் கோனுக்கு மிகக் கிட்டக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

50, 100, 150 இல் மட்டும் தூக்கினால் மின்சாரத்தின் முனகலையும் சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கரில் ஒன்றும் போடாமல் வெறும் அறையை அளந்தால் தெரிந்துவிடும். இரண்டும் இல்லை, சின்னப் பெட்டி, சத்தமும் கூட என்றால் 20 சதவீதம் உண்மையாகவே இருக்கலாம். காரணம் முன்னே சொன்ன நான்கு மடங்குக் கணக்கு.

மைக் இல்லாமல் காதால மட்டும் பிடிக்க ஏலாதோ?

சில பிழைகளைக் காதுதான் முதலில் பிடிக்கும். 200 இலிருந்து 20 ஹேர்ட்ஸ் வரை மெல்ல இறங்கும் சைன் தொனியை நடுத்தரச் சத்தத்தில் போடுங்கள். நல்ல ஸ்பீக்கர் சுத்தமாக முனகிக்கொண்டு இறங்கும். ஒரு இடத்தில் "டர்ர்" என்று உரசினாலோ பூச்சி போல இரைந்தாலோ கொயில், கிழிந்த கோன், கழன்ற வயர். மொத்த டி.எச்.டி எண் இதனால் அசையவே அசையாமல் இருக்கலாம். காரணம், இதன் சத்தம் மிக உயர்ந்த வரிசை ஹார்மொனிக்குகளில் மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது.

அதற்கு முன் அறையைச் சுற்றிக் கையை வைத்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி, கூரைத் தகரம், சுவரில் தொங்கும் சுவாமிப் படம். ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகு படத்தின் ஆணிதான் இரைந்தது என்று கண்டுபிடித்தவர்கள் ஊரில் குறைவில்லை.

பழைய கசெற்றை கொம்பியூட்டருக்கு ஏத்துறன். கரகரப்பை எடுத்துப்போடலாமோ?

நாடாவில் இருக்கும் கரகரப்பு வேறு, நீங்கள் ஏற்றும்போது சேர்ப்பது வேறு. நாடா உரத்த இடத்தில் மெல்ல நிறையும். மூன்றாம் ஹார்மொனிக் 3 சதவீதம் தொடும் இடத்தைத்தான் அதன் உச்சமாகக் கணக்கெடுப்பார்கள். காது அதைப் பொறுத்துக்கொள்ளும். கொம்பியூட்டர் பொறுக்காது, உச்சம் தாண்டினால் ஒரே வெட்டு. பதியும்போது உச்சத்துக்கு 10 டெசிபெல் கீழே வையுங்கள். வெட்டுப்பட்டதை மென்பொருள் ஊகித்து நிரப்பும், திருப்பித் தராது.

90களில் கரண்ட் இல்லாத நாளில் சைக்கிள் டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் "அப்ப நல்லாத்தான் இருந்தது" என்பார்கள். மிதி தளர்ந்தால் வோல்ற் விழுந்து அம்ப் வெட்டும், மோட்டரும் மெதுவாகிச் சுருதி இறங்கும். நாடாவில் அந்தப் பிழை இல்லை, பயப்படாமல் ஏற்றுங்கள்.

பின்னேரம் நல்லா இருந்த சத்தம் இரவில அமுங்கிக் கரகரக்குது. ஜெனரேற்றர்தான் காரணமோ?

ஓரளவுக்கு. பழைய முறை டிரான்ஸ்ஃபோமர் அம்ப்பில் 230 வோல்ற் 200 ஆக இறங்கினால் உச்ச வாற் நான்கில் ஒரு பங்கு குறையும். டெசிபெல்லில் அது 1.2 தான், ஏற்கெனவே எல்லையில் ஓடும் அம்ப்பைக் கிளிப்பிங்குக்குத் தள்ள அது போதும்.

பெரிய காரணம் சூடு. செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.39 சதவீதம் ஏறும். கொயில் 100 பாகை சூடேறினால் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடி, சத்தம் 2, 3 டெசிபெல் விழும். சத்தம் குறைந்தது என்று வொலியூமைக் கூட்டுகிறார்கள். இன்னும் சூடு, இன்னும் கூட்டல். பத்து நிமிடம் பாட்டை நிற்பாட்டினால் பாதி திரும்பி வரும். ஆனால் கலியாண வீட்டில் அதை யார் கேட்கப் போகிறார்கள்.

இரண்டு அம்ப் வித்தியாசமாக் கேக்குது, மீற்றர் ஒண்டும் காட்டேல்லை. ஆர் சரி?

முதலில் இரண்டின் சத்தமும் ஒன்றா? சற்று உரத்தது எப்போதும் "தெளிவா" கேட்கும். 100 ஹேர்ட்ஸ் தொனி போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீற்றர் வைத்து, ஒன்று 2.83 வோல்ற் என்றால் மற்றதை 2.80 க்கும் 2.86 க்கும் இடையில் கொண்டுவாருங்கள். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி இன்னொருவர் மாற்றட்டும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால், குருட்டு அதிர்ஷ்டத்தால் அது நடக்க 4 சதவீத வாய்ப்புத்தான். உங்கள் காதை நம்பலாம்.

அப்படிச் சொல்லிவிட்டால் மீற்றர் எதைத் தவறவிட்டது என்று தேடுங்கள். நான் முதலில் பார்ப்பது அம்ப்பை ஸ்பீக்கர் கொளுவிய நிலையில் அளந்தார்களா என்பதை. வால்வ் அம்ப்கள் (டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய் வைத்தவை) ஸ்பீக்கரின் தடை ஏறி இறங்குவதற்கேற்பத் தங்கள் ரெஸ்பொன்ஸையே மாற்றிக்கொள்ளும். வெறும் தடையைக் கொளுவி அளந்தால் அது தெரியாது. அந்த வித்தியாசத்தைத்தான் பலர் "வால்வின் இனிமை" என்று டிஸ்டோர்ஷன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.